பழைய பாய்ப்படகை வாங்குமுன்

மும்பையில் இந்தியாவின் நுழைவாயில் அருகே நின்று கடலை நோக்குவோர், எலிபண்டாத் தீவுக்குச் செல்லும் பயணப் படகுகளுக்கு அப்பால், வெண்ணிறமான சிறு பாய்ப்படகுகள் சில அலையில் அசைந்து நிற்பதைக் காண்பர். கொச்சியில் போல்காட்டித் தீவின் படகுத்துறையிலும் இத்தகையவற்றைக் காணலாம். அவை பெருஞ்செல்வரின் விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணி நம்மிற் பலர் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால் கடல் சூழ்ந்த பிரிட்டன் போன்ற நாடுகளில் நடுத்தரக் குடும்பத்தாரும் பழைய படகு ஒன்றை வாங்கி, கோடை விடுமுறையைத் தம் மக்களோடு கடலிற் கழிப்பதுண்டு. "குடும்பப் பாய்ப்படகு விற்பனைக்கு" என்னும் விளம்பரம் அங்கே பழைய மோட்டார் காருக்கான விளம்பரத்தைப் போலவே இயல்பானது. அந்தச் சிறு விளம்பரத்துக்குப் பின்னால் எத்தனை செய்திகள் மறைந்திருக்கின்றன என்பதை இங்கே சற்று விளங்கக் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு படகினைக் கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் காவற்கப்பல்களை நடத்திய டெனிஸ் ரெய்னர் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, பின்னாளில் வெஸ்டர்லி என்னும் படகு கட்டும் தொழிலை நிறுவினார். அவர் 1967-இல் மறைந்தார். அதன்பின் 1969 முதல் 1980 வரை அந்நிறுவனம் கட்டிய சென்டார் என்னும் வகைப் படகுகள் 2,400-க்கும் மேற்பட்டவை. அந்நிறுவனம் இன்று இல்லை. ஆயினும் அது கட்டிய படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன, கைமாறுகின்றன.

சென்டாரின் நீளம் 26 அடி. அகலம் ஏறத்தாழ எட்டரை அடி. எடை 3 டன் அளவு. இந்தச் சிறிய உடலுக்குள் ஆறு பேர் படுக்க இடமும், சமைக்க ஓர் அடுப்பும், கழிப்பறையும், ஒரு டீசல் எஞ்சினும் அடங்கியுள்ளன. மணிக்கு 5 கடல்மைல் என்பது இதன் நல்ல வேகம். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஒயிட் தீவிலிருந்து பிரான்சின் ஷெர்பூர்த் துறைமுகம் ஏறக்குறைய 60 கடல்மைல். விடியற்காலையில் புறப்பட்டால் மாலையில் அடுத்த நாட்டின் கரையை அடையலாம் என்பது கணக்கு.

இப்படகின் சிறப்பு இதன் அடியில் உள்ளது. படகு கவிழாமல் காக்கும் கனத்த அடிக்கட்டையை நம் கடலோரத்தார் ஏரா என்பர். பாய்ப்படகுகள் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் ஒரே ஏரா இருக்கும். சென்டாருக்கோ இருபக்கமும் இரண்டு. இங்கிலாந்தின் பல துறைகளில் கடல் வற்றும்போது நீர் முழுதும் வடிந்து சேறு தெரியும். அப்போது ஒற்றை ஏராப் படகு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இரட்டை ஏராப் படகோ இரு காலூன்றி நேராக நிற்கும். ஆகவே ஆழமான துறையில் மிகுந்த வாடகை கொடுத்து இடம் பிடிக்க வேண்டியதில்லை. குடும்பத்தார் இதனை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டுமரம் என்னும் நம் சொல்லிலிருந்து பிறந்த 'கட்டமரன்' என்னும் பெயரை மேனாட்டார் இரட்டை உடல் கொண்ட படகுக்கு வழங்குகின்றனர். சென்டார் அவ்வகையைச் சேர்ந்ததன்று. இதற்கு உடல் ஒன்றே, ஏராக்கள்தாம் இரண்டு.

அரை நூற்றாண்டு கடந்த படகை இன்றும் எவ்வாறு விலை பேச முடிகிறது? மரப்படகாயின் ஆண்டுதோறும் பலகை மாற்றி, இடுக்கடைத்துப் பேணாவிடில் உளுத்துப்போகும். சென்டார் போன்றவை கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து அச்சில் வார்க்கப்பட்டவை. அவ்வுடல் உளுப்பதில்லை, கறையானும் அணுகாது. ஆனால் இங்கேதான் வாங்குவோர் கருத்தூன்ற வேண்டும். உடலின் ஆயுள் நீண்டது. அதனோடு பொருத்திய உறுப்புகளின் ஆயுளோ குறுகியது. பாய்க்கு ஓர் ஆயுள், கம்பிக்கு ஓர் ஆயுள், எஞ்சினுக்கு ஓர் ஆயுள். விற்பவர் உடலின் வலிமையைக் காட்டி விலை சொல்கிறார். வாங்குபவரோ முடிவுக்கு வந்துவிட்ட அந்த ஆயுள்களையெல்லாம் சேர்த்தே வாங்குகிறார். மலிவாகக் கிடைக்கும் பழைய படகு பெரும்பாலும் மலிவாக முடியாததன் காரணம் இதுவே.

ஆகவே படகைக் கரையேற்றிப் பார்க்காமல் விலை முடித்தல் ஆகாது. நீரில் மிதக்கும் படகு தன் குறையில் பாதியை மறைத்துக்கொள்ளும். முதலில் உடலைக் காண்க. நெடுங்காலம் நீரில் கிடந்த இழைப்படகின் மேற்பூச்சுக்குள் நீர் மெல்ல ஊடுருவிச் சிறுசிறு கொப்புளங்களை உண்டாக்கும். கொப்புளத்தைக் குத்தினால் வெளிப்படும் நீரில் காடியின் புளித்த மணம் வீசும். சில கொப்புளங்களால் படகு மூழ்கிவிடாது; எனினும் அவை பரவியிருந்தால் பூச்சினைச் சுரண்டி, மாதக் கணக்கில் உலர்த்தி, மறுபடி பூச வேண்டிவரும். அடுத்து, சிறு சுத்தியலால் மேல்தளத்தை மெல்லத் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல பகுதி கணீரென்று ஒலிக்கும்; இழைகள் பிரிந்து நீர் புகுந்த பகுதி மழுங்கிய ஓசை தரும். பானை வாங்கும் நம் பெண்டிர் விரலால் சுண்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

ஏரா உடலோடு சேரும் இடம் மிக முக்கியமானது. சென்டார் வகையில் சில படகுகள் அவ்விடத்தில் நெகிழ்ந்து விரிசல் கண்டதும், உரிமையாளர்கள் உட்புறத்தில் வலுவூட்டியதும் படகுத் தொழிலார் நன்கறிந்த செய்திகள். அந்த வலுவூட்டல் நடந்ததா, யார் செய்தனர் என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

மூன்றாவது, படகின் அடியில் துளையிட்டுப் பொருத்திய குழாய்களின் வால்வுகள். கையளவேயான இவற்றைப் பலர் கவனிப்பதில்லை. மட்டமான பித்தளையால் செய்தவையாயின், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். எஞ்சுவது செந்நிறம் பாய்ந்த, பொடியும் செம்பே. வெளித்தோற்றத்தில் முழுதாய் நிற்கும் வால்வு, நடுக்கடலில் கை பட்டதும் ஒடிந்து, படகினுள் நீரைப் பாய்ச்சவல்லது. குழந்தைகள் உறங்கும் படகில் இதனைவிட அஞ்சத்தக்கது வேறில்லை.

நான்காவது, பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். இவை பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். முனைகளின் உள்ளேதான் நைந்துபோகும். ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்வழக்கம். ஒரு கம்பி அறுந்தால் பாய்மரமே சாயும். ஐந்தாவது, எஞ்சின். பழைய எஞ்சின்கள் பலவற்றைக் கடல்நீரே குளிர்விக்கிறது. அந்த உப்பு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லி, குளிர்ந்த நிலையில் அதனை முடுக்கச் செய்து புகையின் நிறத்தைக் காண்க. பாய்களைப் பொறுத்தவரை, துணிக்கு முன்னரே வெயிலில் இற்றுப்போவது தையல்நூல். நகத்தால் கீறினாலே தெரிந்துவிடும்.

இவையனைத்தையும் தாமே கண்டறிய இயலாதவர், விற்பவரோடு தொடர்பற்ற ஒரு படகுப் பரிசோதகரை அமர்த்துதல் அறிவுடைமை. பிரிட்டனில் விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து, சோதனையில் பெருங்குறை தெரியவந்தால் திரும்பப் பெறும் நிபந்தனையோடு ஒப்பந்தம் செய்வது வழக்கம். பழைய படகுக்குக் காப்புறுதி தரும் நிறுவனங்களும் பெரும்பாலும் அத்தகைய அறிக்கையைக் கேட்கின்றன.

நிலம் வாங்குவோர் வில்லங்கம் பார்ப்பது நமக்குப் பழக்கமான செய்தி. படகுக்கும் வில்லங்கம் உண்டு. கடற்சட்ட வழக்கின்படி, படகின் பேரில் ஏற்பட்ட சில கடன்கள் உரிமையாளரை விட்டுப் படகையே பின்தொடரும். முன்னவர் செலுத்தாது விட்ட கடனுக்காகப் பின்னவரின் படகு பிடிக்கப்படவும் கூடும். எனவே கட்டியவர் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை விற்பனைச் சீட்டுகள் அறுபடாமல் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

இதன்பின் ஆண்டுச் செலவு. துறையில் நிறுத்தக் கட்டணம், கரையேற்றும் கூலி, அடியில் பாசியும் சிப்பியும் பற்றாதிருக்கப் பூச்சு, காப்புறுதி ஆகியவை படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்தே தீரும். நம் மேற்குக் கரையில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் மும்பைக் கடல் சிறு படகுக்கு உகந்ததன்று; ஆதலின் பருவம் தொடங்குமுன் பாய்ப்படகுகளைக் கரையேற்றி வைக்கின்றனர். நம் வெயிலில் பாயும் கயிறும் விரைந்து நையும். நம் வெதுவெதுப்பான நீரில் சிப்பிகளும் விரைந்து படியும். மேனாட்டுக் கணக்கை அப்படியே இங்குக் கொள்ளலாகாது.

இவ்வளவும் கேட்டபின் படகு வாங்குவதே வீண் என்று எண்ண வேண்டுவதில்லை. முறையாகப் பேணிய பழைய படகு, புதிய படகின் விலையில் சிறு பகுதிக்கே ஒரு குடும்பத்துக்குக் கடலைத் திறந்துவிடும். பிள்ளைகள் காற்றின் திசையறிந்து, முடிச்சிடக் கற்று, கடலை அஞ்சாமலும் இகழாமலும் வளர்வது விலைமதிப்பற்ற பயிற்சி. ஆனால் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுதல் தவறு. கம்பி, வால்வு, பாய் ஆகியவற்றை முதலாண்டிலேயே மாற்றுவதற்கு உரிய தொகையையும், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டைக்கு உரிய தொகையையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டே விலை பேசுதல் வேண்டும். அதற்கும் முன்பாக, ஒரு பருவம் வேறொருவர் படகில் உதவியாளாகச் சென்று, கடல் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் ஒத்துவருகிறதா என்று அறிந்துகொள்வது நன்று.