பியரில் டெற்றோல் மணம்: பக் எங்க ஒளிஞ்சிருக்கு?



இந்த முறை எபிசோட்டில் டிபக்கிங் பற்றிக் கதைச்சோம். கோட் எழுதாத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி ஒரு உதாரணம் தாறேன் எண்டு சொல்லியிருந்தேன். இது பியர் பற்றியது. குடிக்காத ஆக்களும் வாசிக்கலாம், ஏனெண்டா விஷயம் பியரில் இல்லை, தேடுற முறையில்தான் இருக்கு.

ஸ்காபரோவில் இருக்கிற எங்கட நேயர் ஒருவர் பேஸ்மென்ற்றில் பேல் ஏல் காய்ச்சுறவர். அவரிட்ட இருக்கிறது ஒல்-இன்-வன் மெஷின். மூண்டு தரம் காய்ச்சினார், மூண்டிலும் ஒரே பழுது. இரண்டாம் தரம் ஈஸ்ட், ஹொப்ஸ், தானியம் வாங்கிற கடை எல்லாத்தையும் மாத்தினார். மூண்டாம் தரம் புளிக்க வைக்கிற வாளி, குழாய், போத்தல் எல்லாம் புதுசு. பழுது போகேல்லை. அக்காவின் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில் கூடுற கசின்மாருக்கு 20 லீற்றர் தாறேன் எண்டு வாக்குக் குடுத்திட்டார். அதுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. ஒரு பட்ச் முடிய நாலு கிழமை வேணும். அதாவது, இன்னும் ஒரேயொரு ரிலீஸ்தான் செய்யலாம்.

எங்களுக்கு அவர் அனுப்பின குறிப்பில் ஒரு வரி முக்கியமானது. அவருடைய அப்பா ஒரு மிடறு குடிச்சிட்டு, "மருந்து மணக்குது தம்பி" எண்டாராம். அப்பாவுக்கு ஏல் பழக்கமில்லை, ஹொப்ஸ் கசப்பைத்தான் அப்படிச் சொல்லுறார் எண்டு நேயர் அதை விட்டிட்டார். நான் அந்த வரியில் இருந்துதான் தொடங்கினேன். யூசருக்கு உங்கட சிஸ்டம் விளங்காமல் இருக்கலாம். ஆனா யூசர் கண்டது கண்டதுதான்.

முதலில் பைப்லைன்

மெஷின் செய்யிற வேலை சிக்கல் இல்லை. முளைக்க வைச்சுக் காயவைத்த பார்லியை (அதுதான் மோல்ட்) 65 முதல் 68 பாகை செல்சியஸ் தண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊற வைக்கும். மாப்பொருள் சீனியாக மாறும். இதுக்குப் பெயர் மாஷ். பிறகு தானியக் கூடையை மேல தூக்கி, சுடுதண்ணி ஊத்திக் கழுவுவீங்கள். கிடைக்கிற இனிப்புத் தண்ணி வேர்ட். அதைக் கொதிக்க வைச்சு, ஹொப்ஸ் போட்டு, ஆற வைச்சு, ஈஸ்ட் போட்டு, 18 முதல் 20 பாகையில் புளிக்க விடுறது. கடைசியில் போத்தல் அல்லது கெக்.

தண்ணி, மாஷ், கொதி, ஆறல், புளிப்பு, போத்தல். ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனக்கெண்டு ஒரு பழுது மணம் இருக்கு. ரின்னில் வாற சோளம் அல்லது அவிச்ச கோவா மாதிரி மணந்தா கொதியைப் பாருங்கோ. பச்சை அப்பிள் மணமோ, பொப்கோர்ன் பட்டர் மணமோ எண்டா புளிப்பு முடிய முதல் அவசரப்பட்டு எடுத்திட்டீங்கள். ஈரக் காட்போட் எண்டா போத்தலில் அடைக்கும்போது காற்றுப் பட்டிருக்கு. கனநேரம் ஊறின பிளேன்ரீ மாதிரி நாக்கு வறண்டா மாஷ் அல்லது தானியம் கழுவின தண்ணி.

மருந்து மணம்? டெற்றோல் போத்தலை எடுத்துப் பாருங்கோ. அதில் வேலை செய்யிற பொருள் குளோரோசைலெனோல். பீனோல் வகைப் பொருள் ஒண்டில் ஒரு குளோரின் ஒட்டினது. பழுதான பியரில் இருக்கிற குளோரோபீனோலும் அதே குடும்பம்தான். ஆகவே அப்பா சொன்னது உவமை இல்லை, கிட்டத்தட்ட லாப் ரிப்போர்ட்.

சந்தேக நபர்கள் மூண்டு பேர்

பீனோல் மோல்ட்டின் உமியில் இயல்பாகவே இருக்கு. ஈஸ்ட்டும் கொஞ்சம் உண்டாக்கும். அப்ப கேள்வி, குளோரின் எங்க இருந்து வந்தது?

ஒண்டு, பிளீச் போட்டுக் கழுவி வடிவா அலசாத வாளி. நேயர் பிளீச் பாவிக்கிறதே இல்லை, அமில வகைக் கிருமிநாசினிதான். இவர் வெளியில.

இரண்டு, வெளியில இருந்து புகுந்த காட்டு ஈஸ்ட். அதுவும் மருந்து மாதிரி, கராம்பு மாதிரி மணக்கும். ஆனா அது உயிருள்ள சாமான். நாள் போகப் போக மணம் கூடும், பியர் எதிர்பார்த்ததை விட ஐதாகும், போத்தல் திறக்கப் பொங்கும். நேயரின் பியரில் முதல் நாள் இருந்த மணம்தான் ஆறாம் கிழமையும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இவரும் பெரும்பாலும் வெளியில.

மூண்டு, தண்ணி. மூண்டு பட்ச்சிலும் நேயர் மாத்தாத ஒரேயொரு மூலப்பொருள் இதுதான்.

ரொறன்ரோ தண்ணி

எங்கட குழாய்த் தண்ணி ஒன்ராறியோ ஏரியில் இருந்து வருது. நகரத்துக்கு நாலு சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கு. ஸ்காபரோவில் ஹோர்கன், பீச்சஸ் பக்கம் ஹரிஸ், எற்றோபிக்கோவில் கிளார்க், மற்றது தீவில். குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்ற பிறகு, கொஞ்சம் அமோனியா சேர்ப்பினம். இரண்டும் சேர்ந்து குளோரமைன் ஆகும். சும்மா குளோரின் குழாயில் போகப் போகக் குறைஞ்சிடும். குளோரமைன் உறுதியானது, கடைசி வீடு வரைக்கும் நிண்டு காவல் காக்கும். கனடாவின் பழைய வழிகாட்டல் லீற்றருக்கு 3 மில்லிகிராம் வரை அனுமதிச்சது. குடிக்க எந்தப் பிரச்சினையும் இல்லை. தண்ணி தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது.

ஆனா எங்களுக்கு அந்த உறுதிதான் தலையிடி. தண்ணியை இரவு முழுக்கத் திறந்து வைச்சா, இல்லாட்டிக் கொதிக்க வைச்சா, குளோரின் போயிடும். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். குளோரமைன் அவ்வளவு லேசில போகாது. மீன் தொட்டி வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், தண்ணி மாத்த முதல் மருந்து போடாட்டி மீன் செத்துப் போகும். மற்றப் பக்கம், குளோரோபீனோலை லீற்றருக்கு ஒரு சில மைக்கிரோகிராம் இருந்தாலே மூக்கு பிடிச்சிடும். தண்ணியில் தெரியாதது பியரில் தெரியிறது அதாலதான்.

இரண்டு பானைச் சோதனை

இதோட "தண்ணிதான்" எண்டு முடிவெடுத்து, கடைசி 20 லீற்றரை அதில் பந்தயம் கட்டலாம். அது டிபக்கிங் இல்லை, ஊகம். ஒரு தரத்தில் அஞ்சு சாமானை மாத்தினா, சரி வந்தாலும் ஏன் வந்தது எண்டு தெரியாது. சரி வராட்டியும் எது குற்றவாளி இல்லை எண்டு தெரியாது. நேயருக்கு நடந்தது அதுதான்.

அதால மெஷினைத் தொடாமல், சமையலறை அடுப்பில் இரண்டு பானை வைக்கச் சொன்னேன். ஒவ்வொண்டிலும் 4 லீற்றர். ஒரே தானியம், ஒரே ஹொப்ஸ், ஒரே ஈஸ்ட், ஒரே அறை. ஒரு பானையில் சும்மா குழாய்த் தண்ணி. மற்றதில் அதே தண்ணிக்கு ஒரு துளி பொட்டாசியம் மெற்றாபைசல்பைற். இந்த உப்பு குளோரமைனைச் சில நிமிசத்தில் உடைச்சிடும்.

முடிவு எப்படி வந்தாலும் பிரயோசனம். சும்மா தண்ணிப் பானை மட்டும் மணந்தா தண்ணிதான். இரண்டும் மணக்காட்டி, குற்றம் மெஷினிலோ அதின்ர பம்ப் குழாயிலோ. இரண்டும் மணந்தா, நான் காட்டு ஈஸ்ட்டைக் கெதியா விட்டிட்டேன் எண்டு அர்த்தம்.

பத்து நாளில் புளிச்சு முடிஞ்சது. குடிச்சுப் பாக்கிறதும் கண்ணை மூடித்தான். மூண்டு கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒண்டில் மற்றது. எது வேற எண்டு சொல்லோணும். குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாச் சொல்ல மூண்டில் ஒரு வாய்ப்பு. நாலு தரம் தொடர்ந்து சரியாச் சொல்ல 81 இல் ஒரு வாய்ப்புத்தான். அப்பா நாலு தரமும் சரியாச் சொன்னார். மருந்து மணந்தது சும்மா தண்ணிப் பானை.

திருத்தம்

திருத்தம் சில சதத்துக்குள்ள முடியும். காய்ச்சுற சாமான் விக்கிற கடையில் கம்டன் குளிசை எண்டு கேளுங்கோ. ஒரு குளிசை ஏறத்தாழ 75 லீற்றருக்குப் போதும், 30 லீற்றருக்கு அரைக் குளிசை தாராளம். நசுக்கிப் போட்டு, கலக்கி, அஞ்சு நிமிசம் விடுங்கோ. தூளை மூச்சில் இழுக்காதேங்கோ, ஆஸ்துமா இருந்தா கூடக் கவனம்.

ஒல்-இன்-வன்னில் இன்னொரு பொறி இருக்கு. மாஷ் தண்ணி மெஷினுக்குள்ள, தானியம் கழுவிற தண்ணி பக்கத்தில வேற பானையில். கனபேர் மெஷினுக்குள்ள மட்டும் குளிசை போட்டிட்டு மற்றதை மறந்திடுவினம். அந்தத் தண்ணியும் நேர உமி மேலதான் விழுது. ஆகவே முழுத் தண்ணியையும் முதலிலேயே ஒண்டாப் பிடிச்சு மருந்து போட்டிட்டுப் பிறகு பிரியுங்கோ.

இதே மெஷினில் மற்ற மூண்டு பக்

*மின்சாரம்.* கிரெயின்ஃபாதர் நியூசிலாந்தில் பிறந்தது, புரூஸில்லா அவுஸ்திரேலியாவில். அங்க வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எங்கட சாதாரண பிளக் 120 வோல்ட், 15 அம்பியர், உச்சமே 1,800 வாட். அதால இங்க விக்கிற மொடல்கள் 1,500, 1,600 வாட் அளவில்தான். கணக்குப் பாருங்கோ. 28 லீற்றரை 67 பாகையில் இருந்து 100க்குக் கொண்டுபோக, வெப்ப இழப்பை விட்டாலும், 1,600 வாட்டில் 40 நிமிசம். 2,400 வாட்டில் 27 நிமிசம். அவுஸ்திரேலியக்காரர் யூடியூப்பில் சொல்லுற நேரம் உங்களுக்குச் சரி வராது. கொதி மெதுவா இருக்கெண்டு மூடியைப் போட்டே கொதிக்க விடாதேங்கோ. சோள மணம் தாற டிஎம்எஸ் ஆவியாப் போகோணும். மூடினா திரும்பச் சொட்டும். தெர்மல் ஜக்கெற் சுத்துங்கோ. மெலிஞ்ச எக்ஸ்ரென்ஷன் கோட் பாவிக்காதேங்கோ, அது சூடாகி நெருப்புப் பிடிக்கலாம்.

*சென்சர்.* வெப்பமானி அடியில், ஹீற்றருக்குப் பக்கத்தில இருக்கு. திரை 67 காட்டும், தானியத்தின்ர நடுவில் சில பாகை குறைவா இருக்கலாம். ஒரு தனி வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கோ. டாஷ்போர்ட் பச்சை எண்டதால சேர்வர் சுகமா இருக்கு எண்டு அர்த்தமில்லை.

*தண்ணியின்ர உப்பு.* இங்கிலாந்தில் பேல் ஏலுக்குப் பெயர் எடுத்த ஊர் பேர்ட்டன். அங்கத்தைக் கிணத்துத் தண்ணியில் ஜிப்சம் நிறைய, அந்தச் சல்பேற்தான் ஹொப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும். ரொறன்ரோ தண்ணி நடுத்தரம், கடினத்தன்மை லீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவு. 30 லீற்றருக்கு 5 கிறாம் ஜிப்சம் போட்டா, லீற்றருக்குச் சல்பேற் 93 மில்லிகிராமும் கல்சியம் 39 மில்லிகிராமும் கூடும். ஆனா மணம் போன பிறகு, அடுத்த பட்ச்சில் செய்யுங்கோ. ஒரு தரத்துக்கு ஒரு மாற்றம்.

புளிக்க வைக்கிற வெப்பம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாசி மாதக் குளிரில் தோசை மா பொங்காமல், அவனுக்குள்ள லைற் போட்டு வைச்ச வீட்டில்தான் நாங்கள் எல்லாரும் வளந்தோம். ஈஸ்ட்டுக்கு அதின்ர எதிர்ப்பக்கமும் உண்டு. புளிக்கும்போது அது தானே சூடு விடும், வாளி அறையை விட ரெண்டு மூண்டு பாகை கூட இருக்கும். வாளியில் வெப்பமானி ஒட்டுங்கோ, சுவரில் இல்லை.

நேயர் தன்ர கடைசி 20 லீற்றரைப் போன கிழமை காய்ச்சினார். பழைய ரெசிப்பி, பழைய ஈஸ்ட், அரைக் குளிசை மட்டும் புதுசு. வாளியைத் திறந்து மணந்து பாத்திட்டு "தோடம்பழம்" எண்டு ஒரே சொல்லில் மெசேஜ் போட்டிருக்கிறார். ஹொப்ஸ் அப்படித்தான் மணக்கோணும்.

கடைசியா ரெண்டு விஷயம். ஒன்ராறியோவில் மதுவுக்குச் சட்ட வயது 19. வீட்டில் காய்ச்சுறது உங்கட பாவனைக்கு, விக்க ஏலாது. மற்றது, அடுத்த தரம் ஏதாவது பிழைச்சா, பியரோ, ரவுட்டரோ, கோட்டோ, கை வைக்க முதல் ஒரு தாளில் எழுதுங்கோ: என்ன கண்டது, ஆர் கண்டது, எது மாறேல்லை. மூண்டாவது வரியில்தான் கனதரம் விடை கிடக்கும்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.