உங்களுக்குத் தெரியுமா?

நீலகிரி, ஆனைமலைச் சோலைகளில் ஓடைக்கரையோரம் குடைபோல விரிந்து நிற்கும் மரப்பெரணிகள் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். பூவும் காயும் இல்லாத இவற்றை எப்படி இனம் பிரிப்பது? உயரத்தை நம்ப வேண்டாம். இளஞ்செடி குட்டையாகத்தான் இருக்கும். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய செதில்களின் நிறமும் விளிம்பும்தான் முதல் அடையாளம். சையாத்தியா ஜைஜான்டியா என்ற மரப்பெரணியின் காம்பு பளபளக்கும் கருமை. சையாத்தியா கிரைனைட்டாவின் காம்பையோ வெளிர்பழுப்புச் செதில்கள் அடர்ந்து மூடியிருக்கும்.

அடுத்து, முதிர்ந்த இலையைத் திருப்பி லென்ஸால் பாருங்கள். அடிப்பக்கம் நரம்புகளின் மேல் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை ஸ்போர்ப் பைகளின் கூட்டம். அதன்மேல் மெல்லிய மூடுசவ்வு உண்டா, இல்லையா என்பது முக்கியம். ஜைஜான்டியாவில் அது கிடையாது. முதிர்ந்த சவ்வு உதிர்ந்தும் போகும் என்பதால், இளம் இலையையும் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

செதிலுக்கு இந்த முக்கியத்துவத்தைத் தேடித்தந்தவர்களில் ஒருவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம். நீலகிரியின் பெயரையே தாங்கிய சையாத்தியா நீல்கிரென்சிஸுக்குப் பெயரிட்டவரும் அவரே.

படம் எடுங்கள், செடியைப் பிடுங்காதீர்கள்: சையாத்தியா இனங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.