மறுபடி எப்போது போவீர்கள்?

வடுகபட்டிக்கு ஒருநாள் சேவைப் பயணம் போக நம் இளையோர் கிளம்பும்போது, அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: மறுபடி எப்போது போவீர்கள்?

பாரிஸ் நகர மாணவர் பிரெடரிக் ஓசானாம் (பின்னாளில் அருளாளர்) முன் ஒரு கேள்வி வந்தது. திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் கேட்டார்கள். அவரும் நண்பர் ஒருவரும் குளிருக்கு வைத்திருந்ததில் மிஞ்சிய விறகைச் சுமந்து ஓர் ஏழை வீட்டுக்குப் போனார்கள். 1833 ஏப்ரல் 23 அன்று, அவருக்கு 20 வயது நிறைந்த நாளில், நண்பர்கள் சிலர் கூடினார்கள். நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபைக்கு அதுவே தொடக்கம். ஏழைகளின் வீடுகளை அவர்களுக்குக் காட்டியவர் அருள்சகோதரி ரோசலி. கூட்டமாகப் போகவில்லை, இருவர் இருவராக, திரும்பத் திரும்பப் போனார்கள்.

மரியாவும் மலைநாட்டுக்கு விரைந்து போய், எலிசபெத்துடன் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் (லூக்கா 1:39-56). படம் எடுத்துத் திரும்புகிற பயணம் அல்ல அது.

வடுகபட்டி பூண்டுச் சந்தை ஊர். மூட்டை தூக்குவோரும் பூண்டு தரம் பிரிக்கும் பெண்களும் சந்தை நாளில் வீட்டில் இருக்கமாட்டார்கள். எந்த மாலை அவர்களுக்குத் தோது என்று நம் பிள்ளைகள் கேட்டு வரட்டும். முதல் பயணத்துக்கு அது போதும்.