ஊருக்குச் சொன்னோம், மகளுக்குச் சொன்னோமா?

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கிறது. கடைசி பெஞ்சில் 12 வயதுச் சிறுமி. திடீரென்று அடிவயிறு வலிக்கிறது. பாவாடையில் ரத்தக் கறை!

சிறுமி நடுங்குகிறாள். "எனக்கு என்ன ஆயிற்று? செத்துப் போவேனா?" யாரிடம் கேட்பாள்? மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

பெண் வயதுக்கு வந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பந்தல் போடுகிறோம். தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். ஒலிபெருக்கி பாடுகிறது. ஊருக்கே சொல்கிறோம். ஆனால், அந்தச் சிறுமிக்கு முன்கூட்டியே சொன்னோமா?

நோய் அல்ல!

மாதவிலக்கு நோய் அல்ல, தீட்டும் அல்ல. மாதந்தோறும் கருப்பையின் உள்ளே மெத்தை போல ஒரு படலம் வளர்கிறது. கரு உண்டானால் அதைத் தாங்குவதற்காக! கரு உண்டாகாவிட்டால், அந்தப் படலம் ரத்தத்துடன் வெளியேறுகிறது. அவ்வளவுதான்.

இது 2 முதல் 7 நாள் வரை இருக்கும். முதல் ஓரிரு ஆண்டுகளில் தேதி முன்பின் ஆகும். பயம் வேண்டாம். 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்த நாட்களில் குளிக்கலாம், விளையாடலாம், பள்ளிக்கும் போகலாம். துணி பயன்படுத்தினால் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். இருட்டு மூலையில் ஒளித்துக் காயவைக்கக் கூடாது.

முருங்கைக் கீரை, பயறு, முட்டை கொடுங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை!

கலியாணத்துக்கு அவசரமா?

வயதுக்கு வந்தாள் என்றால் கலியாணத்துக்குத் தயார் என்று அர்த்தம் அல்ல. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். சின்ன வயதில் கர்ப்பம் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

மகனுக்கும் சொல்லுங்கள்!

குரல் உடைவதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயற்கை. அதற்கு லேகியம் தேவை இல்லை. அப்பா இதைச் சொன்னால் மகன் ஏமாற மாட்டான். அக்காள் தங்கையின் கஷ்டம் தெரிந்தால், வகுப்பில் எந்தப் பெண்ணையும் கேலி செய்ய மாட்டான்.

தாய்மார்களே! சில சிறுமிகள் 10 வயதிலேயே பூப்பெய்துகிறார்கள். ஆகவே, 9 வயதிலேயே சொல்லிவிடுங்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசுங்கள்.

பிறகு ஒரு நாள் வகுப்பில் கறையைப் பார்த்தாலும் அவள் நடுங்க மாட்டாள். எழுந்து டீச்சரிடம் போவாள்.