காலை வாருதல் (மேசை விளையாட்டு விதி)

காலை வாருதல் என்பது, கதாபாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் சண்டைப் பகுதியில், எதிரியை நிலைகுலையச் செய்து தரையில் விழவைக்கும் நகர்வு ஆகும். இவ்வகை விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்யப்போவதை வாயால் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டப்படும். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது.

சடுகுடுவில் இதே சிக்கல்

நமக்குப் பழக்கமான சடுகுடுவைக் கொண்டு இவ்விதியை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பாடி வருபவரின் கணுக்காலைப் பிடித்துச் சாய்ப்பது அதில் ஒரு முக்கியமான பிடி. பிடி நிலைத்தால் பாடி வந்தவர் ஆட்டமிழப்பார். அவர் திமிறி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாலோ, பிடிக்கப்போனவர் வெளியேற வேண்டும். ஆகவே கணுக்காலுக்குப் பாயும் ஒவ்வொருவரும் தம்மையே பணயம் வைக்கிறார். மேசை விளையாட்டின் விதியும் இதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: வாரப்போய்த் தவறினால் வாரியவருக்கு என்ன ஆகும்?

2003-ஆம் ஆண்டு விதி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பு 2003-இல் வெளிவந்தது. அதில் இந்நகர்வு பின்வரும் படிகளில் நடக்கும்.

1. எதிரி தன்னைவிட ஒரு படிக்கு மேல் பெரிய உருவமாக இருக்கக் கூடாது.
2. முதலில் எதிரியைத் தொட வேண்டும். இதற்குப் பகடை உருட்டும்போது எதிரியின் கவசம் கணக்கில் வராது. பயிற்சியில்லாதவர் வெறுங்கையோடு முயன்றால், எதிரிக்கு இடையிலேயே ஓர் அடி கொடுக்கும் வாய்ப்பு உண்டு.
3. தொட்டபின் இருவரும் இருபது முகப் பகடையை உருட்டுவர். வாருபவர் தம் வலிமை எண்ணைக் கூட்டுவார். எதிரி வலிமை, லாவகம் இரண்டில் தனக்குச் சாதகமானதைக் கூட்டுவார். நடுத்தர அளவைவிடப் பெரிய உருவத்துக்குப் படிக்கு 4 கூடும். நான்கு கால் உயிரினம் தற்காக்கும்போது மேலும் 4 கூடும்.
4. வாருபவர் தோற்றால், எதிரி உடனே அவர் காலை வாரலாம்.

எடுத்துக்காட்டாக, வலிமை எண் 3 உள்ள வீரர், வலிமை எண் 5 உள்ள ஒரு பூதத்தின் காலை வாருகிறார். பூதம் ஒரு படி பெரியது. எனவே அதன் கூட்டல் 5 + 4 = 9. இரண்டு பகடைகளுக்கும் சேர்த்து 400 சேர்க்கைகள் உண்டு. சமநிலை வந்தால் கூட்டல் அதிகமுள்ளவருக்கே வெற்றி என்பதால், வீரர் வெல்வது 91 சேர்க்கைகளில் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு. இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவருக்கு மேலும் 4 கிடைக்கும். அப்போது 153 சேர்க்கைகள், ஏறத்தாழ 38 விழுக்காடு.

சாட்டை, சங்கிலி, கதிர் அரிவாள் போன்றவற்றாலும் வாரலாம். எதிரி திருப்பி வாரும்போது அந்த ஆயுதத்தைக் கைவிட்டு, விழாமல் தப்பலாம்.

விழுந்தவரின் நிலை

இப்பதிப்பில் விழுந்தவர் அருகிலிருப்போரைத் தாக்கும்போது 4 குறையும். அருகிலிருந்து அவரைத் தாக்குவோருக்கு 4 கூடும். தொலைவிலிருந்து எய்யும் அம்புக்கு எதிராக மட்டும் அவருக்கு 4 பாதுகாப்பு உண்டு, ஏனெனில் படுத்திருப்பவரைக் குறிவைப்பது கடினம். அவர் எழும்போதும் அருகிலிருப்போர் ஓர் அடி கொடுக்கலாம். எனவே காலை வாருவதன் பயன் குழுவிலுள்ள அனைவருக்கும் கிடைக்கிறது.

2014-க்குப் பிறகு

மேற்கண்ட முறையில் ஒரே நகர்வுக்குப் பலமுறை பகடை உருட்ட நேர்ந்து ஆட்டம் தாமதப்பட்டது. 2009-இல் வந்த பாத்ஃபைண்டர், எதிரியின் தற்காப்பை ஒரே எண்ணாக்கி, ஓர் உருட்டலில் முடித்தது. ஆயினும் 10 அல்லது அதற்கு மேல் குறைந்து தவறினால் வாரியவரே விழுவார் என்ற ஆபத்தை அது விட்டுவிடவில்லை.

2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, இதைத் தள்ளிவிடும் நகர்வோடு சேர்த்தது. தவறினால் அந்த ஒரு தாக்குதல் வீணாகும். திருப்பி வாருதல் இல்லை. எழுவதற்கு நடைதூரத்தில் பாதி செலவாகும், எழும்போது அடி விழாது. 2024-இன் திருத்தப் பதிப்பில் எதிரி மட்டுமே பகடை உருட்டுகிறார்.

எதைத் தேர்வது?

புதிய முறை விரைவானது, கற்கவும் எளிது. ஆனால் இழப்பு குறைவு என்பதால், ஆட்டக்காரர்கள் யோசிக்காமல் மீண்டும் மீண்டும் வார முயலலாம். பழைய முறையில், பூதத்தை நெருங்குமுன் வீரர் ஒரு கணமாவது தயங்குவார். சடுகுடுவில் நல்ல பிடியாளர் சரியான நொடிக்குக் காத்திருப்பதும் இதே காரணத்தால்தான். புதிதாக ஆடத் தொடங்கும் மாணவர்கள் எந்தப் பதிப்பின் விதி தங்கள் மேசையில் செல்லும் என்பதை முதல் பகடை உருளுமுன் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. தம் பாத்திரம் கீழே விழுந்தபின் விதியைத் தேடினால், எந்தத் தீர்ப்பும் ஒருவருக்கு அநியாயமாகவே படும்.