அடுப்பும் கேமராவும் – 9: எண்ணெய் பிரியும் வரை

சென்ற வாரம் ஷார்ட்ஸ் எடுப்பது பற்றிப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் ஒரு குழம்பையே வைத்து இறக்கிக் காட்டிவிடலாம் என்றால், பதினைந்து, இருபது நிமிட வீடியோ இனி எதற்கு? அவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நியாயமான கேள்வி. வத்தக்குழம்பை வைத்தே இதற்குப் பதில் தேடலாம்.

எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி சுண்டைக்காய் வற்றல், மூன்று ஸ்பூன் குழம்புப்பொடி, நல்லெண்ணெய் தாராளமாக. இந்த அளவுகளைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைப் பார்த்து முதல்முறையாகச் சமைக்கிற பிள்ளைக்கு, எல்லாம் சொன்ன அளவில் போட்டும் குழம்பு பொடி வாசனையோடு நீர்த்துக் கிடக்கும். வற்றல் எந்த நிறத்துக்கு வந்ததும் பொடியைப் போட வேண்டும்? பொடி போட்டபின் தீ எப்படி இருக்க வேண்டும்? எப்போது இறக்க வேண்டும்? இதெல்லாம் பக்குவம். பக்குவம் கூடிவர நேரமாகும். அதைக் காட்டவும் நேரம் வேண்டும்.

அடுப்படியில் நிற்கிற நாம் பாதி வேலையை மூக்கால் செய்கிறோம். பச்சை வாசனை போய்விட்டதா என்று மூக்குதான் சொல்கிறது. வீடியோ பார்க்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. மூக்கு சொல்வதைக் கண்ணுக்கும் காதுக்கும் மாற்றிக் கொடுப்பதுதான் நீள வீடியோவின் வேலை. புளித்தண்ணீர் ஊற்றியதும் குழம்பு நுரை கட்டிக்கொண்டு சலசலவென்று பொங்கும். வற்ற வற்ற நுரை அடங்கும். குமிழ்கள் பெரிதாகி, ‘பொளக் பொளக்’கென்று கனமாக வெடிக்கும். பிறகு சட்டி ஓரத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தலைகாட்டும். பொட்டுகள் சேர்ந்து வளையமாகும். கேமராவைச் சட்டியின் விளிம்புக்கு அருகே கொண்டுபோய், இந்த மாற்றத்தை நாற்பது நொடி பேசாமல் காட்டுங்கள். ‘நன்றாகக் கொதித்ததும் இறக்கவும்’ என்று எத்தனை முறை சொன்னாலும் வராத தெளிவு அதில் வந்துவிடும்.

நீளத்தின் மேல் வந்த ஆசை

யூடியூபில் எல்லோருக்கும் நீளத்தின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, திறந்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்புக் கொடுத்துப் பரிந்துரைக்கும் முறைக்கு அந்த நிறுவனம் 2012-ல் மாறியது. நடுவில் விளம்பரம் வர வேண்டுமென்றால் வீடியோ 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. 2020 ஜூலையில் அது 8 நிமிடமானது. அந்தக் கணக்குக்காகவே ஐந்து நிமிடச் சமையலை ஜவ்வாக இழுக்கிறவர்கள் உண்டு. வணக்கம் சொல்லி, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி, ஊர்க்கதை பேசி, வெங்காயம் முழுவதையும் உரித்து முடிக்கும்வரை அடுப்புப் பற்றவே பற்றாது. பார்க்கிறவர் அதற்குள் திரையைத் தட்டித் தாண்டிப் போயிருப்பார்.

எங்கே தாண்டினார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ‘ஆடியன்ஸ் ரிடென்ஷன்’ வரைகோடு இருக்கிறது. முதல் 30 நொடிக்குப் பிறகும் எத்தனை சதவீதம் பேர் தங்கினார்கள் என்பதை அது தனியாகவே காட்டும். கோடு குழிந்த இடத்தில் ஆட்கள் தாண்டியிருக்கிறார்கள், அல்லது வெளியேறியிருக்கிறார்கள். மேடு கட்டிய இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மேட்டைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். பொடியின் அளவைச் சொன்ன இடத்தில் மேடு இருந்தால், நீங்கள் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். புளி கரைத்த கையின் சுண்டுவிரலால் யாரோ வீடியோவைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். அடுத்த முறை அளவைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள்.

இரண்டு வழிகள்

பொருள்களையெல்லாம் கிண்ணங்களில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அறிமுகம் செய்வது பலருக்கும் பழக்கம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினர் செய்வதைப் பாருங்கள். கேட்டரிங் சமையலில் இருந்த தாத்தா பெரியதம்பியோடு பேரன்கள் சேர்ந்து 2018-ல் தொடங்கிய சேனல் அது. ஒவ்வொரு பொருளும் பாத்திரத்தில் விழும் நொடியில்தான் அதன் பெயரை உரக்கக் கூவுவார்கள். அறிமுகமும் வேலையும் ஒன்றாகவே நடந்துவிடுகிறது. மசாலா அம்மியில் அரைபடும்போது அதன் சத்தம் தெளிவாகக் கேட்கும். மிளகாய் விழுதாக மாறுவது நம் கண்ணெதிரே நடக்கும். இவ்வளவு பெரிய சமையல் யாருக்கு என்ற கேள்வி பாத்திரத்தைப் பார்த்ததுமே மனசில் விழுந்துவிடுகிறது. கடைசியில் முதியவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்து சாப்பிடும்போது பதில் கிடைக்கிறது. விளக்கப் பேச்சு குறைவு என்பதால் தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அதுதான்.

வாய் ஓயாமல் பேசியே பார்வையாளர்களைக் கட்டிப்போட்டவர் ஜூலியா சைல்ட். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் 1963-ல் தொடங்கியது அவருடைய ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’. அரைமணி நேர நிகழ்ச்சி. வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த காலம் என்பதால் கூடியவரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்தார்கள். ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் புரட்டும்போது பாதி சிதறி அடுப்பின்மேல் விழுந்தது. அதை எடுத்துச் சட்டியில் சேர்த்தபடியே, புரட்டும்போது தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று காரணத்தையும் சொன்னார். நம் வீடியோவிலும் பிய்ந்த தோசை இருக்கட்டும். ஏன் பிய்ந்தது என்ற விளக்கமும் கூடவே இருக்கட்டும். சமைத்துப் பார்க்கப் போகிறவருக்கு அதைவிட உபயோகமான காட்சி கிடையாது.

அதே ஜூலியா, மணிக்கணக்கில் வேக வேண்டிய இறைச்சியை அரைமணிக்குள் காட்டியது எப்படி? அந்தந்தக் கட்டத்துக்குரிய பக்குவத்தில் முன்பே சமைத்த பாத்திரம் தயாராக இருக்கும். அதை எடுத்து வைத்துத் தொடருவார். நமக்கு வேண்டிய விதி இதில் இருக்கிறது. மாற்றம் நடக்கிற இடத்தில் நில்லுங்கள். வெறுமனே காத்திருக்கும் நேரத்தை வெட்டுங்கள். குக்கர் ஆறு விசில் அடிப்பதை யாரும் பார்க்க வேண்டாம். வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்து, பொன்னிறமாகி, கருகுவதற்குச் சற்று முன்பு நிற்கிற நிலையை எல்லோரும் பார்க்க வேண்டும்.

சமைக்க வருகிறவருக்காக

நல்ல சமையல் வீடியோவுக்கு ஆட்கள் இரண்டாம் முறையும் வருவார்கள். முதல் முறை பொழுதுபோக்காகப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை அஞ்சறைப்பெட்டியில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது பார்ப்பார்கள். அப்போது வணக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்க நேரமிருக்காது. அவர்களுக்காக டிஸ்கிரிப்ஷனில் ‘சாப்டர்’ பிரித்துக் கொடுங்கள். 0:00-ல் தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று பகுதிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. இப்படிக் கொடுத்தால் தாண்டித் தாண்டிப் போய்விடுவார்களே, பார்க்கும் நேரம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நம்மை நம்பி வந்தவரைத் தேடவிடுவது தப்பு.

இந்த வாரப் பயிற்சி இதுதான். கேமராவைத் தொடுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கை பழகிய ஏதாவது ஒரு குழம்பில், பக்குவம் மாறுகிற இடங்களை வரிசையாக எழுதுங்கள். வத்தக்குழம்பு என்றால் வற்றல் கருஞ்சிவப்பாவது, பொடி எண்ணெயில் நிறம் மாறுவது, நுரை அடங்குவது, எண்ணெய் பிரிவது. எதைப் பார்த்து, எதைக் கேட்டு ஒருவர் அதைக் கண்டுகொள்வார் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லாத நேரத்தையெல்லாம் வெட்டிவிடலாம். மிஞ்சுவது ஆறு நிமிடமோ இருபது நிமிடமோ, அதுதான் அந்த வீடியோவின் நீளம். ஆறு நிமிடம்தான் வருகிறது என்றால் விளம்பரத்தை நினைத்து இன்னும் இரண்டு நிமிடத்தை ஒட்டாதீர்கள். உங்களைப் பார்த்து வைத்த குழம்பு அவர் வீட்டில் சரியாக வந்துவிட்டால், அடுத்த வீடியோ எவ்வளவு நீளமானாலும் அவர் உட்கார்ந்து பார்ப்பார்.

அடுத்த வாரம்: தாளிக்கும் சத்தத்தைத் தெளிவாகப் பதிவு செய்ய மைக்கை எங்கே வைப்பது?

(தொடரும்)