3 கிலோவாட் சோலார் போட்டால் எத்தனை யூனிட் கிடைக்கும்?

“சார், 3 கிலோவாட் போட்டுடுங்க. அப்புறம் கரண்ட் பில்லையே மறந்துடலாம்!” மொட்டை மாடியில் சோலார் அமைக்க விசாரித்தால் முதலில் காதில் விழும் வாக்குறுதி இது. 2024-ல் தொடங்கிய ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மத்திய அரசு மானியம் உண்டு. ஆனால், மீதிப் பணம் நம் பையிலிருந்துதானே போகிறது? கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்னக் கணக்கு.

சூரியன் தருவது எவ்வளவு?

காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும். நாள் முழுக்க அடிக்கும் வெயிலை உச்சி வெயிலாக மாற்றிக் கணக்கிட்டால், தமிழகத்தில் ஆண்டுச் சராசரியாகத் தினமும் 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் தேறும். 5.3 மணி நேரம் என்று வைத்தால், 3 கிலோவாட்டுக்கு 16 யூனிட்.

கைக்கு வருவது எவ்வளவு?

அந்த 16-ம் முழுசா வராது. சூடு, தூசி, ஒயர், இன்வெர்ட்டர் என ஏறத்தாழ கால்வாசி போய்விடும். மிஞ்சுவது தினமும் 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்குச் சுமார் 720 யூனிட்.

வெயில் கொளுத்தினால் கூடுதலாகக் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பேனலின் திறன் 25 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுகிறது. கத்திரி வெயிலில் பேனலே 60 டிகிரி வரை சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினால் 12 சதவீதம் காலி! பேனலுக்குத் தேவை வெளிச்சம்தான், சூடு அல்ல.

மழையும் நிழலும்

வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் பாதி யூனிட்கூட வராமல் போகலாம். நவம்பர், டிசம்பர் பில் எகிறினால் பேனல் பழுது என்று பதற வேண்டாம். தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழலையும் கவனியுங்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றையும் பாதிக்கலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் நிழல் இன்னும் நீளும்.

என்ன செய்யலாம்?

உலக வங்கியின் ‘குளோபல் சோலார் அட்லஸ்’ இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேர்வு செய்தால், மாத வாரியான உற்பத்தி மதிப்பீடு இலவசமாகக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க மாடியில மாசா மாசம் எத்தனை யூனிட் வரும்? எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். தயங்கினால், அடுத்த நிறுவனத்தை விசாரிப்பதே நல்லது.